ஸ்டியரிங் திடீரென்று லேசாகும்போது: மழையிலும் மூடுபனியிலும் வண்டி ஓட்டிப் பயந்தவர்களுக்கு

மழையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் திடீரென்று காகிதம் போல லேசாகிப் போனதை உணர்ந்திருக்கிறீர்களா? எனக்கு முதல் தடவை நடந்தபோது என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. நல்ல மழை, அகலமான நெடுஞ்சாலை, மணிக்கு 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருந்தேன், சாலை சற்றே தாழ்ந்த ஓர் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது, அது கண்ணில் படுவதற்குள் வண்டி அதன் மேல் ஏறிவிட்டது. அடியில் சோவென்று ஒரு சத்தம். இன்ஜின் சத்தம் தானாக ஏறியது. கையில் இருந்த ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லாதது போல ஆகிவிட்டது. நான் பதறிப்போய் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், பிரேக்கையும் மிதித்தேன். தண்ணீரைத் தாண்டி டயர் தாரைப் பிடித்த அந்த நொடியில் வண்டி வெடுக்கென்று பக்கத்து லேனுக்குள் பாய்ந்தது. அங்கே யாரும் வரவில்லை, அதனால் பிழைத்தோம். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் பல நாள் இதைப் பற்றியே படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன், சிலவற்றை ஓட்டியும் பழகினேன். எனக்குப் புரிந்தது இதுதான்: பயம் வரும்போது உடம்பு தானாக என்ன செய்யத் துடிக்கிறதோ அது பெரும்பாலும் வண்டிக்கு ஆகாதது. கை இறுகும், கால் பிரேக்குக்குத் தாவும், கண் எதைப் பார்த்துப் பயப்படுகிறதோ அதையே வெறிக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. அதனால் என்ன செய்ய வேண்டும் என்பது கைக்கும் காலுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீரின் மேல் மிதக்கும் டயர்

ஒரு காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பவை நான்கு டயர்களும் தரையைத் தொடும் நான்கு சின்ன இடங்கள் மட்டும்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. ஈரச் சாலையில் ஓடும்போது டயர் தனக்கு முன்னால் இருக்கும் தண்ணீரைப் பட்டன் (டயரின் மேற்பரப்பில் இருக்கும் ரப்பர்க் கட்டிகள்) இடுக்குகள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும், வேகம் கூடக் கூட அதற்குக் கிடைக்கும் நேரம் குறையும், ஒரு கட்டத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து அதைத் தூக்கிவிடும். இதைத்தான் ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள். விமானங்கள் ஈர ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்த நாசா 1963-இல் இதற்கு ஓர் எளிய கணக்கைச் சொன்னது: டயரில் இருக்கும் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு எத்தனை மைல் என்று கிடைக்கும். 36 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு 62 மைல், அதாவது ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காற்று இறங்கி 25 ஆகிவிட்டால் 83 கிலோமீட்டர்தான். அது விமான டயரை வைத்துப் போட்ட கணக்கு, காருக்கு அப்படியே பொருந்தாது, பட்டன் தேய்ந்த டயரும் ஆழமான தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே வண்டி வழுக்கும். ஆகவே 83-க்குக் கீழே போனால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம்: மழையில் வேகம்தான் முதல் காரணம், டயரில் காற்று குறைவாக இருந்தால் அந்த ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

சரி, ஸ்டியரிங் லேசாகிவிட்டது, இப்போது என்ன செய்வது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், வெடுக்கென்று அல்ல. பிரேக்கைத் தொடாதீர்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் வசதி) இருந்தாலும் தொடாதீர்கள், ஏனென்றால் டயர் சாலையையே தொடாதபோது எந்தப் பிரேக்கும் வேலை செய்யாது. கியரைக் கீழே இறக்காதீர்கள். க்ரூஸ் கண்ட்ரோல் (வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) போட்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள், மழை தொடங்கும்போதே அணைத்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கை வண்டி போகும் திசைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள். இது கஷ்டம். கை எப்படியாவது திருப்பப் பார்க்கும். நான் செய்த தவறும் அதுதான், டயர் மிதக்கும்போது திருப்பினால் ஒன்றும் நடக்காது, அதனால் இன்னும் திருப்புவோம், அப்புறம் டயர் பிடித்ததும் அவ்வளவு திருப்பமும் ஒரேயடியாக வேலை செய்து வண்டியை இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நொடிகளில் பிடிப்பு திரும்பிவிடும். கையில் கனம் திரும்புவதை நீங்களே உணர்வீர்கள்.

இந்த நிலை வரப்போகிறது என்பதற்கு முன்னறிகுறி உண்டு. உங்களுக்கு முன்னால் போகிற வண்டியின் டயர் சாலையில் விட்டுச் செல்லும் கருப்பான தடத்தைப் பாருங்கள். தடம் கொஞ்ச நேரம் அப்படியே தெரிந்தால் தண்ணீர் குறைவு. உடனே தண்ணீர் மூடிக்கொண்டால் சாலையில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரம் அதுதான். முடிந்தால் அந்தத் தடத்திலேயே ஓட்டுங்கள், முன்வண்டி கொஞ்சம் தண்ணீரை ஏற்கனவே விலக்கியிருக்கும். நீண்ட நாள் வெயிலுக்குப் பிறகு பெய்கிற முதல் மழையில், அதுவும் தூறலாக இருக்கும்போது, சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து கொட்டும் மழையைவிட வழுக்கலாக இருக்கும். தூறல்தானே என்று வேகத்தைக் குறைக்காமல் போகும் பழக்கம் எனக்கும் இருந்தது.

பின் சக்கரம் வழுக்கினால், பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று சொல்லுவார்கள். சரிதான், ஆனால் பதற்றத்தில் எனக்கு இடம் வலம் எதுவும் ஞாபகம் வராது. எனக்கு உதவியது வேறு: போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், கை அந்த இடத்தை நோக்கித் தானாகத் திரும்பும். தடுப்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் தடுப்புச் சுவரில்தான் போய் நிற்பீர்கள்.

பிரேக் நடுங்கும்போது

இதை யாரும் எனக்கு முன்பே சொல்லித்தரவில்லை. ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால், பெடல் காலுக்கடியில் தடதடவென்று நடுங்கும், கரகரவென்று சத்தமும் வரும். முதல் தடவை அதை உணர்ந்தபோது பிரேக் உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்துவிட்டேன். முன்னால் நின்ற வண்டிக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது. அந்த நடுக்கம் கோளாறு இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஏபிஎஸ் ஒரு நொடிக்குள் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பதும், தேவைப்பட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுவதும்தான். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி என்றால், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்போது காலைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். உங்கள் வண்டி எது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இடைவெளி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் ஓட்டுநர் விதிகளில் கொடுத்திருக்கும் கணக்கின்படி, காய்ந்த சாலையில் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நிற்க 23 மீட்டர் ஆகும், 96 கிலோமீட்டர் வேகம் என்றால் 73 மீட்டர். ஈரச் சாலையில் இது குறைந்தது இரண்டு மடங்கு. அதாவது 96-இல் போனால் நிற்பதற்கு 146 மீட்டராவது வேண்டும், அது கிட்டத்தட்ட ஒன்றரைக் கால்பந்து மைதான நீளம். மீட்டர் கணக்கெல்லாம் ஓட்டும்போது உதவாது, நொடிக் கணக்குதான் உதவும்: முன்வண்டி ஒரு மரத்தையோ பலகையையோ தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள், நீங்கள் அதே இடத்துக்கு வர, காய்ந்த சாலையில் இரண்டு நொடி, மழையில் நான்கு நொடி ஆக வேண்டும். நான்கு நொடி இடைவெளி விட்டால் நடுவே யாராவது நுழைந்துவிடுவார்கள். நுழையட்டும். மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிரே ஒன்றும் தெரியாதபோது

மூடுபனி எனக்கு மழையைவிட அதிகப் பயம். மழையில் ஆபத்து காதில் விழுகிறது, மூடுபனியில் எல்லாம் அமைதியாக இருக்கும், அந்த அமைதியில் வேகம் தெரியாது. ஓரத்தில் மரம், வீடு, வேலி எதுவும் கண்ணுக்குத் தெரியாததால் எவ்வளவு வேகம் போகிறோம் என்று கண்ணால் கணிக்க முடியாது, அதனால் ஸ்பீடாமீட்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். எவ்வளவு வேகம் சரி? தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். 50 மீட்டர்தான் தெரிகிறது, சாலையும் ஈரம் என்றால், மேலே சொன்ன கணக்குப்படி மணிக்கு 48 கிலோமீட்டரிலேயே 46 மீட்டர் போய்விடும். ஆகவே அதற்கும் கீழே.

1990 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கால்ஹூன் என்ற ஊருக்குப் பக்கத்தில் மூடுபனியில் 99 வாகனங்கள் ஒன்றன்மீது ஒன்று மோதி 12 பேர் இறந்தார்கள். 2013 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஷெப்பி பாலத்தில் காலைப் பனியில் நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் மோதிக்கொண்டன, அதில் யாரும் இறக்கவில்லை. இப்படிப்பட்ட விபத்துகளில் முதல் மோதல் சின்னதாகக்கூட இருக்கலாம், பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் வண்டிகள் நிற்பதே தெரியாது என்பதுதான் கொடுமை. அதனால் இரண்டு விஷயங்களில் நான் கறாராக இருக்கிறேன். முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டி ஓட்டாதீர்கள், அது துணை மாதிரி ஆறுதலாக இருக்கும், ஆனால் அவர் பள்ளத்தில் போனால் நீங்களும் போவீர்கள். மூடுபனியில் ஓடும் சாலையில் வண்டியை நிறுத்தவே கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் சாலையை விட்டு முழுதாக வெளியே போய், ஒரு பெட்ரோல் பங்க் மாதிரி இடத்தில் நிறுத்துங்கள். மோதி நின்றுபோனால், எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் தள்ளிப் போய் நில்லுங்கள், வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஹை பீம் போட்டால் பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வெள்ளைச் சுவர் எழுப்பும். லோ பீம்தான். ஃபாக் லைட் இருந்தால் போடுங்கள், தெளிந்ததும் அணைத்துவிடுங்கள், பின்னால் வருபவரின் கண் கூசும். கண்ணைச் சாலை ஓரத்துக் கோட்டில் வையுங்கள், நடுக்கோட்டில் வைத்தால் எதிர்வண்டிப் பக்கம் நகர்ந்துகொண்டே போவோம். சந்திப்பு வந்தால் ஜன்னலை இறக்கி, பாட்டை அணைத்து, காதால் கேளுங்கள்.

ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சில நாடுகளில் சட்டப்படியே கூடாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று தெரியாது, நீங்கள் லேன் மாறுவதையும் காட்ட முடியாது. அது நின்ற வண்டிக்கான விளக்கு.

வெளியே பனி இல்லாமல் உள்ளே கண்ணாடி மூடிக்கொள்வது இன்னொரு கதை. இரவு, மழை, வண்டிக்குள் ஐந்து பேர், நனைந்த துணி, திடீரென்று முன் கண்ணாடி முழுக்க வெள்ளை. நான் கையால் துடைத்தேன், துடைத்த இடத்தில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டு இன்னும் மோசமாகிவிட்டது. சரியான வழி: காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஏசியைப் போடுங்கள், குளிர்காலமாக இருந்தாலும் போடுங்கள், ஏனென்றால் ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், கூடவே கொஞ்சம் சூடு வையுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினால் இன்னும் சீக்கிரம் தெளியும். புழுக்கமான ஊரில் ஏசி போட்டுக் கண்ணாடி சில்லிட்டிருந்தால் வெளிப்புறத்தில் ஈரம் படியும், அப்போது வைப்பரை ஓட விட்டு, ஏசியின் குளிரைக் குறைக்க வேண்டும். உள்ளேயா வெளியேயா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஓடும் தண்ணீருக்குள் வண்டியை விடாதீர்கள்

இதில் மட்டும் நான் "ஜாக்கிரதையாகப் போங்கள்" என்று சொல்ல மாட்டேன். போகாதீர்கள் என்றுதான் சொல்லுவேன். அமெரிக்க வானிலைச் சேவை பல வருடமாகச் சொல்லிவரும் அளவுகள் இவை: ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஒருவரைக் கீழே தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் ஒரு சின்னக் காரை இழுத்துப் போகும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளையே அடித்துப் போகும். 30 சென்டிமீட்டர் என்பது முழங்காலுக்குக் கீழே. நம்ப முடியவில்லை என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் அடிப்பகுதி ஏறக்குறைய 4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். அடித்தகட்டுக்கு மேலே தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால் அந்த வண்டி விலக்குகிற தண்ணீர் சுமார் 680 கிலோ, அவ்வளவு எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. வண்டியின் எடை 1,100 கிலோ என்றால் 16 சென்டிமீட்டருக்கே மிதக்கத் தொடங்கிவிடும். தரைக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே உள்ள 17 சென்டிமீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், 33 வருகிறது. கதவு மூடியிருக்கும் கார் கொஞ்ச நேரத்துக்கு ஒரு படகுதான், ஆனால் துடுப்பு இல்லாத படகு.

நான் ஒரு முறை சுரங்கப்பாதை ஒன்றின் வாயில் வரை போய்விட்டேன். முன்னால் ஒரு கார் உள்ளே இறங்கியது, அவர் போகிறாரே என்று நானும் முதல் கியர் போட்டேன். அவருடைய பின் விளக்குகள் தண்ணீருக்குள் சிவப்பாக எரிவது தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது. ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் நிறையப் பேர். அந்தக் காரில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக வெளியேறி நனைந்தபடி ஏறி வந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கலங்கிய தண்ணீரில் ஆழம் தெரியாது, அடியில் சாலை இருக்கிறதா அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது. முன்னால் ஒருவர் போய்விட்டார் என்பது உங்கள் வண்டியும் போகும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். வண்டி மிதக்கத் தொடங்கினால் வரிசை இது: சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற, பிள்ளைகளை முதலில் வெளியே விடு, அப்புறம் நீ வா. போன் செய்வதெல்லாம் வெளியே வந்த பிறகு. கதவைத் திறக்கப் போராடி நேரத்தை விடாதீர்கள், வெளியே தண்ணீர் அழுத்தும்போது அது திறக்காது. பவர் விண்டோ தண்ணீர் பட்டதும் உடனே செத்துவிடுவதில்லை, கொஞ்ச நேரம் வேலை செய்யும், அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்களுக்கு இருக்கிறது. கண்ணாடி உடைக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் அல்ல. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும், நடுவில் அல்ல. ஆனால் சில புது வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் முன் கண்ணாடியைப் போல லேமினேட் செய்ததாக (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதாக) இருக்கும், அது உடையாது. கண்ணாடியின் மூலையில் இருக்கும் சின்ன எழுத்துகளைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் எந்தக் கண்ணாடி உடையும் என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஆழம் குறைந்த, ஓடாத தண்ணீரைக் கடந்து வந்திருந்தால், வெளியே வந்ததும் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கைச் சில தடவை லேசாக அழுத்துங்கள். நனைந்த பிரேக் அந்த உரசலில் காய்ந்துவிடும்.

காற்று, மின்னல், மற்றவை

பக்கக் காற்று ஒரே சீராக அடித்தால் பயமில்லை, கை பழகிவிடும். ஆபத்து அது நின்று திரும்பும் இடத்தில். பெரிய லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும், முந்தி வெளியே வந்ததும் மறுபடி அறையும். பாலத்தில் ஏறும்போதும் மலை இடுக்கிலிருந்து வெளியே வரும்போதும் இதேதான். இருசக்கர வாகனத்தில் நான் ஒரு பாலத்தில் அரை லேன் தூரம் தள்ளப்பட்டிருக்கிறேன், கையை இறுக்கிப் பிடித்திருந்ததால் ஒவ்வொரு அடிக்கும் ஹேண்டில்பாரும் சேர்ந்து ஆடியது. முழங்காலால் டேங்கைப் பிடித்து, கையைத் தளர்த்தி, உடம்பைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்தால் வண்டி தானே நிமிர்கிறது. காற்று வரும் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி ஓட்டினால் தள்ளப்பட்டாலும் இடம் இருக்கும். மழையில் வெள்ளைக் கோடும் சாக்கடை இரும்பு மூடியும் சோப்பு மாதிரி இருக்கும், அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், சாய்க்கவும் வேண்டாம்.

இடி மின்னலில் கூரை உள்ள இரும்புக் கார் பாதுகாப்பான இடம். டயர் ரப்பர் என்பதால் என்று பலர் நினைக்கிறார்கள், அது காரணமில்லை, மின்சாரம் உலோகக் கூட்டின் வெளிப்புறமாக ஓடித் தரைக்குப் போய்விடும். ஜன்னலை ஏற்றி, உலோகத்தைத் தொடாமல் உட்கார்ந்திருங்கள். இருசக்கர வாகனத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, இறங்கி ஒரு கட்டடத்துக்குள் போங்கள், தனி மரத்தடிக்கு அல்ல. மின்கம்பி அறுந்து காரின் மேல் விழுந்தால் உள்ளேயே இருங்கள், உதவி வரட்டும். தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடி விலகிப் போங்கள்.

புழுதிப் புயலில் விளக்கு விஷயத்தில் செய்வது மூடுபனிக்கு நேர் எதிர் மாதிரி தோன்றும்: சாலையை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலையும் எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதுதான் சாலை என்று நினைத்து உங்கள் மேல் வந்து மோதுவார். ஆலங்கட்டி மழையில் நிறுத்தி, முன் கண்ணாடி கட்டிகள் வரும் திசையைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற கண்ணாடிகளைவிட அது தாங்கும்.

உறைபனியில் எனக்கு அனுபவம் குறைவு, ஒரே ஒரு தடவைதான் ஓட்டினேன். நிற்கும் தூரம் பத்து மடங்கு வரை போகலாம் என்று அந்த பிரிட்டன் விதிகளே சொல்கின்றன. அடியிலும் குளிர்காற்று படுவதால் பாலங்கள்தான் முதலில் உறையும். டயரின் ஈரச் சத்தம் திடீரென்று நின்று அமைதியானால் கண்ணுக்குத் தெரியாத பனித்தகட்டின் மேல் இருக்கிறீர்கள், எதையும் வேகமாகச் செய்யாதீர்கள். பனியில் சிக்கி இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால் சைலன்சர் வாயை மூடியிருக்கும் பனியை அடிக்கடி இறங்கி அகற்றுங்கள், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது.

நிறுத்துவதும், அதற்கப்புறமும்

என் பயங்களைத் திரும்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் அவசரத்தில் வந்தவைதான். யாரோ காத்திருக்கிறார்கள், இன்னும் இருபது நிமிடம்தான், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். கிளம்பும் முன்பே "மழை அதிகமானால் வழியில் நிறுத்திவிடுவேன், தாமதமாகலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன் இப்போதெல்லாம், அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பாரத்தைக் குறைக்கிறது என்று சொன்னால் புரியாது, ஒரு முறை செய்து பாருங்கள். வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் முன்வண்டி தெளிவாகத் தெரியவில்லை என்றால் நிறுத்துவது என்று எனக்கு நானே ஒரு எல்லை வைத்திருக்கிறேன். எல்லையை வீட்டில் இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள், மழைக்குள் போன பிறகு அது நகர்ந்துகொண்டே போகும்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒன்று. "ஐயோ" என்று கத்தாதீர்கள், ஓட்டுபவரின் கை அந்தச் சத்தத்துக்கு ஆடும். "வலது ஓரத்தில் ஆள் வருகிறார்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பயமாக இருந்தால் "அடுத்த இடத்தில் நிறுத்தலாமா" என்று கேளுங்கள். ஓட்டுபவர்களே, அப்படிக் கேட்டால் கோபப்படாமல் நிறுத்துங்கள்.

பெரிய பயம் ஒன்று கடந்த பிறகு கைகால் நடுங்கும், வாய் உலரும், சிலருக்குச் சிரிப்புகூட வரும். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இறங்கி நடந்து, தண்ணீர் குடித்து, கை நடுக்கம் நிற்கும் வரை பதினைந்து நிமிடமாவது இருங்கள். ஹைட்ரோபிளேனிங் நடந்த அன்று நான் நிறுத்தாமல் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினேன், அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்த்தேன் என்று ஒன்றுமே நினைவில் இல்லை, அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. சில வாரம் கழித்தும் மழை என்றாலே நெஞ்சு படபடக்கிறது, வண்டியைத் தொடவே பிடிக்கவில்லை என்றால், தெரிந்த சாலையில், பகலில், தூறலில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டித் தொடங்குங்கள். அப்படியும் விடவில்லை என்றால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள், இதற்கு உதவி உண்டு.

கடைசியாக ஒரு பயிற்சி. டயர் பட்டனின் ஆழத்தைப் பாருங்கள், பல நாடுகளில் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான், ஆனால் மழைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஏபிஎஸ் உள்ள வண்டியாக இருந்தால், மழை விட்ட ஒரு நாள், ஆள் நடமாட்டமே இல்லாத, சுற்றிலும் கம்பமோ சுவரோ இல்லாத ஈரமான திறந்தவெளிக்கு, அனுமதி உள்ள இடமாகப் பார்த்து எடுத்துப் போங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் நேராகப் போய் பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். பெடல் தடதடக்கும், காலை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள், வண்டி நிற்கும் வரை அழுத்தியே இருங்கள். ஐந்தாறு தடவை செய்யுங்கள். நான் செய்தபோது நான்காவது தடவையில்தான் கால் அங்கேயே நின்றது.